சால்மன் மேலே ஏறிவிட்டால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஓடைகளில், பாசனத்துக்குத் தண்ணீர் திருப்பும் தடுப்பணைகளில் மீன் ஏணி (மீன் படிப்படியாக மேலே ஏறும் நீர்வழி) வைத்தால் சால்மன் பிழைத்துவிடுமா?

பதில்: ஏணி பாதி வேலைதான். தாய்மீன் முட்டையிட மேலே போகிறது. குஞ்சுகளோ கடலுக்குக் கீழே இறங்க வேண்டும். கால்வாய் வாய் திறந்து கிடந்தால் அவை நீரோடு வயலுக்குப் போய்ச் சாகும். அதனால் முதலில், கால்வாய் வாயில் குஞ்சுகளைத் தடுக்கும் சல்லடையைக் கவனிக்கச் சொல்வோம்.

வட்டத் துளை என்றால் சுமார் 2.4 மி.மீ., நீள்கீற்று என்றால் 1.75 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. சல்லடைக்குள் நேராக நுழையும் நீரின் வேகம் விநாடிக்கு 12 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் குஞ்சு நீந்தித் தப்ப முடியாமல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். விநாடிக்கு 300 லிட்டர் எடுக்கிறீர்களா? அது 0.3 கன மீட்டர்; அதை 0.12 மீட்டரால் வகுங்கள்: சல்லடைக்கு 2.5 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். சல்லடையின் சட்டகம், தூண் மறைக்கும் இடத்தை இதில் சேர்க்கக் கூடாது. தானாகத் துடைக்கும் தூரிகை இல்லையென்றால் வேகம் 6 செ.மீ.தான், பரப்பு இரட்டிப்பாகும்.

பரப்பு சரியாக இருந்தும் குஞ்சு சாவதுண்டு. தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் இழுப்பதே காரணம். பின்புறம் நகர்த்தக்கூடிய தடுப்புப் பலகைகள் வைத்துச் சமன்செய்யலாம். சல்லடையை ஓட்டத்துக்குச் சாய்வாக நிறுத்தினால் அதையொட்டி ஓடும் நீர், குஞ்சுகளைக் கடைக்கோடியிலுள்ள திரும்புகுழாய்க்குத் (ஓடைக்கே திருப்பி விடும் குழாய்) தள்ளிச் செல்லும். கோடையில் தண்ணீரை மிச்சம் பிடிக்க இந்தக் குழாயை அடைப்பது பெருந்தவறு! குஞ்சுகள் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஆண்டுதோறும் புல்டோசரால் சரளைக்கல் குவித்து அணை போடுவதற்கு மாற்று உண்டா?

பதில்: உண்டு. பாறைப் படிகள். ஒரே பெரிய இறக்கத்தைப் பல சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். தாய்மீனுக்கு ஒரு படி 30 செ.மீ. வரை இருக்கலாம். ஆனால் கோஹோ என்ற வகை சால்மனின் குஞ்சுகள் கோடையில் குளிர்ந்த நீரைத் தேடி மேலேயும் ஏறும். அவற்றுக்கு 15 செ.மீ.க்குள் வையுங்கள். தாவுவதற்குப் படியின் அடியில் ஆழமான மடு வேண்டும். பாறை இடுக்குகளைச் சரளை, மணல், வண்டல் கலந்து இறுக்கி அடைக்காவிட்டால், நீர் குறையும் காலத்தில் ஓட்டம் கல்லுக்கடியில் புகுந்து, மேலே படி வறண்டுவிடும்.

தடுப்பே இல்லாமல் தண்ணீர் எடுக்க முடிந்தால் அதுவே மேல். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றின் ரெட் பிளஃப் தடுப்பணையில் மீன் ஏணிகள் இருந்தும் சால்மன் தடுமாறியது. 2012-இல் சல்லடை பொருத்திய நீரேற்று நிலையம் வந்தபின், தண்ணீரைத் தேக்க அணையின் மதகுகளை இறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.