அந்த ஏரியா பாதுகாப்பானதா? – ஓய்வுபெற்ற பெண் எஸ்.ஐ. பதில்கள்

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். பள்ளிக்கரணையில் ஒரு ஃபிளாட் பார்த்து, முன்பணம் கொடுக்கப்போகும் நேரத்தில், “அந்தப் பக்கம் குற்றம் அதிகம், நெட்டில் புள்ளிவிவரமே போட்டிருக்கிறார்கள்” என்று என் கொழுந்தனார் பயமுறுத்துகிறார். மகள் வேலை முடிந்து வர இரவு பத்து மணி ஆகும். வாங்கலாமா, மேடம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அவர் பார்த்த எண் பள்ளிக்கரணையின் எண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு, அம்மா. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் பெருநகரங்களுக்குக் கணக்கு உண்டு, ஏரியாவுக்குக் கிடையாது. அந்த நகரக் கணக்கிலும், லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று வகுப்பதற்கு 2011 மக்கள்தொகையைத்தான் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் பக்கம் எத்தனை அடுக்குமாடிகள் வந்துவிட்டன! போதாததற்கு, பள்ளிக்கரணைக்கு மாநகராட்சி சென்னை, போலீஸ் தாம்பரம். 2022 ஜனவரியில் சென்னை ஆணையரகத்தை மூன்றாகப் பிரித்தபோது அப்படி ஆனது. அதனால் பழைய சென்னைக் கணக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வழக்குகளின் எண்ணிக்கை அந்த ஆண்டு பல மடங்கு ஏறியது. தெருவில் ஆளே இல்லாத ஆண்டு அது. ஊரடங்கை மீறியவர்கள் மேல் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் போட்ட வழக்குகள்தான் அதற்குப் பெரிய காரணம்.

நான் பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவள். புகார் எப்படி எண்ணாக மாறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கொலைக் கணக்கை நம்பலாம், மறைக்க முடியாது. வண்டித் திருட்டுக் கணக்கையும் ஓரளவு நம்பலாம், ஏனென்றால் இன்ஷூரன்ஸ்காரர் எஃப்.ஐ.ஆர். கேட்பார். மொபைல் பறிப்பு அப்படி இல்லை. சிம் வாங்க, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது போதும் என்று பறிகொடுத்தவரே கிளம்பிவிடுவார். எனவே, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பள்ளிக்கரணை ஸ்டேஷன் எல்லையில் கடந்த மூன்று ஆண்டுகளில் வண்டித் திருட்டு எத்தனை, வீடு புகுந்து திருடியது எத்தனை என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த ஃபிளாட் வரை நடந்து பாருங்கள். மெடிக்கல் ஷாப் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள்? எத்தனை கம்பங்களில் விளக்கு எரிகிறது? வழியில் புதர் மண்டிய காலி மனை உண்டா, அதைத் தாண்டித்தான் போக வேண்டுமா? மறுநாள் பகலில் போய் அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் பேசுங்கள். யார் வீட்டில் எது போனது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. விளக்கு மட்டும்தான் குறை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லிப் போட வைக்கலாம். காலி மனைதான் பெரிய தலைவலி. இருட்டில் அதை ஒட்டித்தான் மகள் வர வேண்டும் என்றால், நானாக இருந்தால் வேறு தெருவில் பார்ப்பேன்.

கேள்வி: பத்து நாள் காசி போகிறோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது நினைத்தாலே திக்கென்கிறது.
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: ஸ்டேஷனில் தேதி, முகவரி எழுதிக் கொடுங்கள். பூட்டிய வீடு என்று குறித்துக்கொண்டு ரோந்தில் பார்ப்பார்கள். நகையை லாக்கரில் வையுங்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். அப்புறம் ஒரு விஷயம். எங்களிடம் பிடிபட்ட ஒருவனிடம் வீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டேன். “கோலத்தைப் பார்ப்பேன். மழை இல்லாமலே அழிந்துகிடந்தால், பெருக்க ஆள் இல்லை” என்றான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தினமும் வாசல் தெளித்து ரெண்டு இழை போடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: காலையில் கோயிலுக்குப் போன என் அம்மாவின் செயினை பைக்கில் வந்தவர்கள் பறித்துவிட்டார்கள். மூன்று பவுன். ஸ்டேஷனில் “நகை காணாமல் போய்விட்டது” என்று எழுதித் தரச் சொல்லி ஒரு ரசீது கொடுத்தார்கள். இது போதுமா?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: போதாது. இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் இதே போல ஒரு பாட்டி வந்தார். கழுத்தில் நூல் கட்டினாற்போல் சிவந்த தடம். அறுந்த செயினின் கொக்கி மட்டும் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டு இருந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்து என் மேஜையில் வைத்தார். “மாசக் கடைசி, கணக்கு ஏறும். தவறவிட்டதா எழுதி வாங்கு” என்றார் மேலதிகாரி. எழுதியது நான்தான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தார். அந்த மாதம் எங்கள் எல்லையில் செயின் பறிப்பு பூஜ்யம். அடுத்த மாதம் ரோந்துக்கு இடங்கள் குறித்தபோது, அந்தத் தெரு பட்டியலிலேயே இல்லை. அந்தக் கொக்கி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் புதிதாக ஒரு புகார் எழுதுங்கள். “பறித்துக்கொண்டு போனார்கள்” என்ற சொல் அதில் இருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம், 304ஆவது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட குற்றத்தைச் சொல்லும் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அதே புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அம்மாவின் கழுத்தில் தடம் இருந்தால், மறைவதற்குள் இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். கோயில் வழியில் எந்தெந்த வீட்டில் கேமரா இருக்கிறது என்று பார்த்து, பதிவை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கேமராக்களில் சில நாளில் பழையது தானாக அழிந்துவிடும்.