வரைகிறவர்களின் வரவு செலவு: கேள்வி பதில்

ஓவியம், அட்டைப்பட வடிவமைப்பு, புகைப்படம் ஆகியவற்றைச் சொந்தத் தொழிலாக நடத்துகிறவர்களும் நடத்த விரும்புகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் சென்னையில் புத்தக அட்டைகள் வரைந்தும், தின்பண்டப் பெட்டிகளுக்கும் துணிக்கடைப் பைகளுக்கும் வடிவமைப்புச் செய்தும் பல ஆண்டுகளாகப் பிழைக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் பணத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி. கை தேர்ந்த எத்தனையோ பேர், கூலியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டே இந்தத் துறையைவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்கா, ஓர் அட்டைப்படத்துக்கு எவ்வளவு கேட்பது? ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.
(ஓவியர், திருநெல்வேலி)

அடுத்தவர் வாங்கும் தொகையை வைத்து உங்கள் விலையை முடிவு செய்யாதீர்கள், தம்பி. அவருடைய வாடகை வேறு, உங்களுடையது வேறு. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வீட்டுச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், இணையம், மென்பொருள் சந்தா 5,000. கணினியை 96,000 கொடுத்து வாங்கி, அது நான்கு ஆண்டு உழைக்கும் என்றால் மாதம் 2,000 அதற்காக ஒதுக்கவேண்டும். பலர் இந்த வரியை எழுதுவதே இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கும் சேமிப்புக்கும் 8,000. ஆக மாதம் 45,000.

மாதத்தில் 25 நாள் உழைத்தாலும் அத்தனை நாளும் காசு வராது. கதையைப் படிப்பது, பேச்சுவார்த்தை, திருத்தம், பாக்கிக்காக அலைவது என்று பாதி நாள் போய்விடும். பில் போடக்கூடிய நாள் 12 என்று கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் ஒரு நாளின் விலை 3,750 ரூபாய். மூன்று நாள் பிடிக்கும் அட்டைக்கு 11,250.

"இதை எந்தப் பதிப்பாளர் கொடுப்பார்?" என்று கேட்பீர்கள். சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிடும் சிறு பதிப்பகத்தால் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். அவர்கள்மீது கோபப்படுவதில் பயனில்லை. நான்காயிரம் ரூபாய் அட்டைகளை, அந்த நூலின் மீதுள்ள பிரியத்துக்காக, மாதம் ஒன்றோ இரண்டோ செய்யுங்கள். குடும்பம் நடப்பது கடைப் பெட்டி, உணவுப் பொருள் உறை, நிறுவன அறிக்கை போன்ற வேலைகளில் இருக்கட்டும். இந்தக் கணக்கைப் போடாமல் நான்காயிரம் ரூபாய் அட்டைகளையே நம்பி இருந்தால், இரவு பகலாக வரைந்தும் கடன்தான் மிஞ்சும்.

தை பிறந்துவிட்டால் வேலையே வருவதில்லை. எல்லோருக்கும் இப்படித்தானா?
(அட்டை வடிவமைப்பாளர், சென்னை)

புத்தகத்தை மட்டும் நம்பியிருக்கும் எல்லோருக்கும் இப்படித்தான். 1977 முதல் பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசி நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் வருவதால், பதிப்பாளர்கள் நவம்பர், டிசம்பரில் மொத்தமாக வந்து கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். பொங்கல் கழிந்ததும் தொலைபேசி ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் சிவகாசிப் பக்கம் பாருங்கள். அங்கே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை, அதாவது மாதிரிப் படத் தொகுப்புகளை, ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அப்படியானால் படங்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே தயாராகியிருக்கவேண்டும் அல்லவா? பங்குனி, சித்திரையில் போய்க் கேட்கிறவருக்கு வேலை இருக்கும். ஆடி முடிந்து போனால் அடுத்த ஆண்டுக்குத்தான் பேசமுடியும்.

என் ஓவியத்தைத் தமிழ் நாவலுக்கு வாங்கிய பதிப்பகம், என்னைக் கேட்காமலே அதை வேறொரு நூலுக்கும் போட்டுவிட்டது. பணம் கேட்கலாமா?
(ஓவியர், புதுச்சேரி)

எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓவியர்கள் பலருக்கும் இது தெரியாது, தெரியவரும்போது அதிர்ச்சியாக இருக்கும்.

படைத்தவருக்கே பதிப்புரிமை என்பதுதான் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. ஆனால் 17ஆம் பிரிவில் விதிவிலக்குகள் உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கும் எடுத்த புகைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கதை எழுதியவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் எழுதியது அவருடையதாகவே இருக்கும். அதே நூலுக்கு அட்டை வரைந்தவருக்குத்தான் இந்தக் கதி. எனவே எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உங்கள் தரப்பு பலவீனமானது. ஏற்கெனவே நீங்கள் வரைந்து வைத்திருந்த படத்தை அவர்கள் பிறகு வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போது உரிமை உங்களிடம் இருக்கிறது. அதை மாற்றிக் கொடுக்கக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது.

இனி வரும் வேலைகளுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். என் கடிதத்தின் வாசகம் இது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"இந்த ஓவியம் மேற்கண்ட நூலின் தமிழ்ப் பதிப்பின் முன்னட்டைக்கு மட்டும். அச்சுக்கும் மின்னூலுக்கும் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பு, சுவரொட்டி, பிற பொருள்கள் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். ஓவியரின் பெயர் நூலில் இடம்பெறும். இரண்டு முறை திருத்தம் இந்தத் தொகையில் அடங்கும். பாதித் தொகை முன்பணம். மீதி வந்த பிறகே அச்சுக்கான கோப்பு தரப்படும்."

கீழே இருவர் கையெழுத்தும் தேதியும். இதற்கே முகம் சுளிக்கிற வாடிக்கையாளர் பிறகு பணத்துக்கும் முகம் சுளிப்பார். வேலை தொடங்கும் முன்பே அது தெரிந்துபோவது நல்லது.

திருமணப் படங்களை என் பக்கத்தில் போட்டேன். எடுக்கச் சொல்லி மணமகள் வீட்டார் சண்டை போடுகிறார்கள். நான் எடுத்த படம்தானே?
(புகைப்படக் கலைஞர், கோயம்புத்தூர்)

எடுத்தது நீங்கள், உரிமை அவர்களுடையது. மேலே சொன்ன அதே பிரிவுதான். உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த திருமணத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, எத்தனை படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்குங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது ஒரு பெண்ணின் முகம். கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை.

திருத்தம், திருத்தம் என்று உயிரை வாங்குகிறார்கள். எதை இலவசமாகச் செய்வது, எதற்குக் காசு கேட்பது?
(வடிவமைப்பாளர், மதுரை)

கோளாறு யாருடையது என்று பாருங்கள். எழுத்துப் பிழை, நிறப் பிழை, நீங்கள் கவனிக்காமல் விட்ட அளவு ஆகியவை உங்கள் பொறுப்பு. எத்தனை முறையானாலும் முகம் கோணாமல் சரிசெய்து கொடுக்கவேண்டும். அவர்கள் மனம் மாறினால் அது புது வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. 240 பக்க நூல் என்றால் 120 தாள். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றால் நூலின் முதுகு 12 மில்லிமீட்டர். அந்த அளவில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் முதுகில் பொருத்திக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு பதிப்பாளர் 0.13 மில்லிமீட்டர் கனமுள்ள தாளுக்கு மாறுகிறார். முதுகு 15.6 ஆகிவிடுகிறது. பழைய கோப்பிலேயே அடித்தால் மடிப்பு இடம் மாறி, முன்னட்டையின் நிறம் முதுகுக்குள் வழியும். அட்டை முழுவதையும் திரும்ப அமைக்கவேண்டும். கேட்கிறவருக்கு அது "சின்ன மாற்றம்", உங்களுக்கு அரை நாள். அரை நாளின் விலை என்னவென்று முதல் பதிலில் கணக்குப் போட்டிருக்கிறோம். அதைக் கேளுங்கள். பக்க எண்ணிக்கையும் தாளும் உறுதியான பிறகே முதுகை அமைப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

வேலையை முடித்துக் கொடுத்து ஆறு மாதமாகிறது. "அடுத்த வாரம்" என்றே சொல்கிறார்கள். வழக்குப் போட எனக்கு வசதியில்லை.
(அனிமேஷன் கலைஞர், சென்னை)

வழக்குக்கு முன்பு இன்னொரு வழி இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்திருக்கிறீர்களா? 2020 ஜூலை முதல் இணையத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். உங்களைப் போலத் தனியாளாகச் சேவை செய்கிறவரும் குறுந்தொழில் நிறுவனம்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாள்களில் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுத்தால், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதி மன்றத்துக்கு அது போகும்.

2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை, வேலையை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் நெருங்கும்போது இந்த ஒரு வரியைப் பணிவாக அவர்களுடைய கணக்காளருக்கு எழுதுங்கள். முதலாளி தொலைபேசியை எடுக்காவிட்டாலும் கணக்காளர் எடுப்பார்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்கவேண்டும், பில்லில் உத்யம் எண் இருக்கவேண்டும். வேலை முடிந்த பிறகு பதிவு செய்தால் மன்றத்தில் அதையே காரணமாகக் காட்டி எதிர்ப்பார்கள்.

ஸ்டூடியோ வைக்க ஐந்து லட்சம் கடன் வாங்கலாமா? குளிர்சாதன வசதியோடு இடம் பார்த்திருக்கிறேன்.
(வடிவமைப்பாளர், சேலம்)

பில் கொண்டுவரும் கருவிக்குக் கடன் வாங்குங்கள். அலங்காரத்துக்கு வாங்காதீர்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் கிடைக்கும். 50,000 வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவுகள். வங்கிக்குப் போகும் முன்பு உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியத் திட்டங்களைப் பற்றி அங்கேதான் சரியாகச் சொல்வார்கள்.

கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தொழில் தொடங்கியது 15,000 ரூபாயில். பின்னாளில் கேவின்கேர் ஆனது அதுதான். அவருடைய சிக் ஷாம்பு பரவியதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு உறையானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார்கள். மக்கள் பழகிய பிறகு, சிக் உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். வாங்குகிறவர் யார், அவர் கையில் எவ்வளவு காசு புழங்குகிறது என்பது அத்தனை நுட்பமாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெளிவு உங்களுக்கு உங்கள் வாடிக்கையாளரைப் பற்றி வரும்வரை வீட்டு அறையே போதும்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் கொடுக்கிறது. இனி எங்களுக்கு வாழ்வு உண்டா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

கவலை நியாயமானது அம்மா, மழுப்பமாட்டேன். "ஏதாவது ஒரு படம் போதும்" என்ற வேலைகள் போய்க்கொண்டே இருக்கின்றன, திரும்பி வராது. கரிசல் காட்டுக் கதைக்கு அட்டை வேண்டுமென்றால், கதையை முழுக்கப் படித்து, அந்த ஊர்க் கிணற்றின் கமலை எப்படி இருக்கும், மாட்டின் கொம்பு எப்படி வளைந்திருக்கும் என்று தேடிப்போய்ப் பார்த்து வரைகிறவருக்குத் தேவை இருக்கிறது. தமிழ் எழுத்தைக் கையால் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல தலைப்பெழுத்து வரையும் ஆள்கள் மிகக் குறைவு. கேட்டு வருகிறவர்களை நான் யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் திகைக்கிறேன்.

காசுக்காக வரைந்தால் கலை கெட்டுவிடாதா?
(ஓவியர், கோவில்பட்டி)

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற கொண்டைய ராஜு நாடகத் திரைகள் வரைந்தவர். கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு ஸ்டூடியோ நடத்தி, சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படங்கள் வரைந்தார். முழுக்க முழுக்கக் கூலிக்குச் செய்த வேலை. அவர் வரைந்த முருகனையும் லட்சுமியையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்தார்கள். காசு வாங்கியதால் அந்த முகங்களின் கனிவு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவசரத்தில் வரைந்தால் கலை கெடும். குறைந்த கூலிக்கு நிறைய ஒப்புக்கொள்கிறவர்தான் அவசரத்தில் வரைகிறார்.

மகன் ஓவியம்தான் படிப்பேன் என்கிறான். பயமாக இருக்கிறது.
(தாய், தஞ்சாவூர்)

பக்கத்திலேயே கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இருப்பது 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியின் வழி வந்தது. ஒருநாள் அவனோடு போய் மாணவர்களின் வேலைகளைப் பாருங்கள். படிப்போடு கொஞ்சம் கணக்கும், பில் எழுதவும், பேரம் பேசவும் பழக்குங்கள். நீங்கள் காய்கறி வாங்கும்போது பேசுகிற துணிவில் பாதி அவனுக்கு வந்தால் போதும், பயமில்லை.

20,000 ரூபாய் பில் போட்டேன், 18,000தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
(ஃப்ரீலான்ஸ் ஓவியர், ஈரோடு)

அநேகமாக இல்லை. தொழில்முறைக் கட்டணத்தில் நிறுவனங்கள் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டவேண்டும். ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் உங்களுக்குக் கொடுப்பது 50,000 ரூபாயைத் தாண்டும்போது இது கட்டாயம். தாண்டும் என்று தெரிந்தால் முதல் பில்லிலிருந்தே பிடிப்பவர்களும் உண்டு. வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் அந்த 2,000 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், ஆண்டு முடிந்ததும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, உங்களுக்கு வரி இல்லையெனில் முழுவதும் திரும்ப வரும். ஏறவில்லையென்றால் பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.