வாசகர் கேள்வி – பதில்: பூக்களுக்குப் பின்னால் ஓர் ஊர்

கேள்வி: எங்கள் மகன் கொழும்பு றோயல் கல்லூரியில் படிக்கிறான். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே அயர்லாந்து ஓவியர் ஒருவர் சித்திரம் படிப்பித்தாராம். உண்மையா?
(வெள்ளவத்தை வாசகி ஒருவர்)

பதில்: உண்மைதான். அவர் பெயர் ஆண்ட்ரூ நிக்கல். அப்போது அது கொழும்பு அகாடமி, றோயல் கல்லூரி என்ற பெயர் 1881இல்தான் வந்தது. நிக்கல் 1804இல் பெல்ஃபாஸ்டில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர், பையனாக இருக்கும்போதே அச்சகத்தில் தொழில் பழகப் போனவர். ஓவியம் பெரும்பாலும் அவரே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். 24 வயதில் அயர்லாந்தின் வடகிழக்கிலுள்ள அன்ட்ரிம் கடற்கரையை மட்டும் நூறு படங்களுக்கு மேல் வரைந்தார் என்றால் எவ்வளவு வெறியோடு நடந்து திரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் லண்டன் போய் டல்விச் ஓவியக்கூடத்துப் படங்களைப் பிரதி எடுத்துப் பழகினார். திரும்பி வந்து டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் படம் விற்பதும் பாடம் சொல்லிக் கொடுப்பதுமாகப் பிழைப்பு ஓடியது.

கொழும்புக்கு அவர் வந்த காரணம் எமர்சன் டெனன்ட். அதே பெல்ஃபாஸ்ட்காரர், நீண்டகாலமாக நிக்கலை ஆதரித்தவர், 1845இல் பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் (Colonial Secretary) ஆனார். அடுத்த வருடமே நிக்கலும் கப்பலேறிவிட்டார். நிலக்காட்சி ஓவியம், அறிவியல் வரைபடம், வடிவமைப்பு, இவைதான் அவர் எடுத்த பாடங்கள்.

கேள்வி: இலங்கையை அவர் வரைந்த படங்கள் இருக்கின்றனவா?
(கண்டி வாசகர் ஒருவர்)

பதில்: இருக்கின்றன. 1848இல் டெனன்டோடு கிளம்பி ஐந்து வாரம் காட்டுக்குள் சுற்றி வரைந்தார், அந்தப் பயணத்தைப் பற்றி 1852இல் டப்ளின் பத்திரிகை ஒன்றில் எழுதவும் செய்தார். டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் அவருடைய படங்கள் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: மாத்தளைக் கிளர்ச்சி வெடித்ததும் அதே 1848இல்தான். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, தெருப் போட உடலுழைப்பு என்று சனங்களை நெருக்கிய அரசாங்கத்தில் டெனன்ட் பெரிய அதிகாரி. அமைதியாகத் தெரியும் அந்தக் காடுகளைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

கேள்வி: நான் வாட்டர்கலர் பழகுகிறேன். வெள்ளைப் பூவும் மெல்லிய புல்லும் சரியாக வரவே மாட்டேன் என்கின்றன. பழைய ஓவியர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?
(யாழ்ப்பாண வாசகி ஒருவர்)

பதில்: நல்ல வேளை, நிக்கலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், உங்களுக்கு அவரே சரியான வாத்தியார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி அமைப்பு. நாம் புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பதுபோல, முன்னால் காட்டுப் பூக்கள் பெரிது பெரிதாக நிற்கும், அவற்றின் தண்டுகளுக்கு இடையில் தூரத்தில் ஒரு கடலோ ஊரோ சின்னதாகத் தெரியும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான், அதை மூடிவிட்டால் போச்சு. ஒவ்வொரு புல்லுக்கும் இடம் விட்டு வண்ணம் பூசுவதும் நடக்கிற காரியமில்லை. அதனால் அவர் முதலில் பூசிவிட்டு, பிறகு கூர்முனையால் மேல்பரப்பைச் சுரண்டி அடியில் இருக்கும் வெள்ளைத் தாளை வெளியே கொண்டுவந்தார். அந்தக் கீறல்தான் வெயில் பட்ட புல்லாக மின்னுகிறது.

நீங்களும் செய்து பாருங்கள். தடித்த தாளாக எடுங்கள், வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகே கத்தி நுனியை வையுங்கள், ஈரத்தில் சுரண்டினால் தாள் பிய்ந்து கறுப்புக் கோடாகிவிடும். சுரண்டிய இடத்தில் திரும்ப வண்ணம் வைத்தால் அது ஊறிப் பரவும் என்பதால் இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் அவருடைய பிரே நகரக் காட்சி இருக்கிறது, முன்னால் பூமேடு, பின்னால் டார்கிள் பள்ளத்தாக்கு. இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கி, முதலில் பூக்களின் தண்டுகளைப் பாருங்கள்.