எத்தனை மினிஸ்கோப், எத்தனை லென்ஸ்?

கேள்வி: சுண்டெலிகளின் தலையில் மினிஸ்கோப் எனும் சிறு நுண்ணோக்கியைப் பொருத்தி, நினைவாற்றலில் பங்குள்ள மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் நரம்பணுக்களைப் படம்பிடிக்கவிருக்கிறோம். பகுப்பாய்வுக்கு 10 சுண்டெலிகளின் தரவு வேண்டும். நிதி விண்ணப்பத்தில் 10 மினிஸ்கோப், 10 கிரின் லென்ஸ் (மூளைக்குள் செருகும் மெல்லிய குச்சி வடிவ லென்ஸ்) என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?
– ஆய்வு மாணவி, பெங்களூரு

பதில்: மினிஸ்கோப்புகளை அதிகமாகவும் லென்ஸ்களைக் குறைவாகவும் கேட்டிருக்கிறீர்கள். விலங்கின் தலையிலேயே தங்கிவிடுபவை எவை, கழற்றி அடுத்த விலங்குக்கு மாற்றக்கூடியவை எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மினிஸ்கோப் இரண்டாம் வகை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவான நான்காம் பதிப்பு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது; பதிவின்போது மட்டும் அதை, தலையில் நிலையாக ஒட்டப்பட்டிருக்கும் அடித்தட்டில் பூட்டினால் போதும். பொருத்துவதையும் கழற்றுவதையும் சேர்த்து ஒரு விலங்குக்கு அரை மணி நேரம் என்றால், ஒரே கருவியில் 10 விலங்குகளுக்கு 5 மணி நேரம் ஆகும். ஆனால், காலையில் பதிவான விலங்கையும் மாலையில் பதிவானதையும் ஒப்பிடுவதில் சிக்கல் உண்டு என்பதால், இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கி, மூன்றாவதைப் பழுதுக்கென ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் கடைசிவரை அதே கருவியைப் பயன்படுத்தினால், வெவ்வேறு நாட்களின் படங்களில் அதே அணுக்களை அடையாளம் காண்பது எளிது. முதலில் பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான்: விலங்கு சுற்றும்போது முறுக்கிக்கொள்ளும், எட்டினால் கடித்தும் வைக்கும். கருவிக்கு இரண்டு கேபிள் கேளுங்கள்.

கிரின் லென்ஸ் பல் சிமெண்டில் பதிந்து தலையிலேயே நிற்பது. சோதனை முடிந்தபின் சிலவற்றைச் சுத்தம் செய்து மீட்கலாம் என்றாலும் அவற்றைப் பயிற்சி அறுவைக்கு மட்டும் நம்புங்கள். ஜிகேம்ப் (நரம்பணு செயல்படும்போது ஒளிரும் புரதம்) மரபணுவைச் சுமக்கும் வைரஸை ஊசியால் செலுத்திய இடம் தவறலாம், அந்தப் புரதம் போதிய அளவு வெளிப்படாமல் போகலாம், லென்ஸ் சாய்ந்திருக்கலாம், அடியில் இரத்தம் தேங்கலாம்; இவற்றில் பல, அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்து அடித்தட்டைப் பொருத்தும்போதுதான் தெரியவரும். எனவே இறுதி எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பத்தில் ஆறு தேறும் என்று வைத்துக்கொண்டால், 10ஐ 0.6ஆல் வகுக்க 17 அறுவைகள் தேவைப்படும்; கீறல் விழும் லென்ஸ்களையும் சேர்த்து 20 என்று எழுதலாம். கட்டுப்பாட்டுக் குழு தனியாக இருந்தால், அதற்கும் இதே கணக்குத்தான். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலும் 17 என்ற எண்ணையே காரணத்துடன் எழுதுங்கள். அங்கே 10 என்று அனுமதி வாங்கிவிட்டால், கையில் லென்ஸ் இருந்தும் அறுவை செய்ய வழியிருக்காது.

0.6 என்பது நான் எடுத்துக்கொண்ட உதாரணம்தான். முதல் தவணையில் ஆறு லென்ஸ் மட்டும் வரவழைத்து, உங்கள் கைகளில் எத்தனை தேறுகின்றன என்று பார்த்தபின் மீதியைத் திருத்தி வாங்குவதே என் யோசனை.

வைரஸின் அளவு பற்றிக் கவலை வேண்டாம்: ஒரு விலங்குக்கு 500 நானோலிட்டர் என்றாலும் 17க்கு 8.5 மைக்ரோலிட்டர்தான். மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் வீரியம் குறையும் என்பதால், சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள்.

பலரும் மறப்பது வன்தட்டை. 608க்கு 608 பிக்சல், நொடிக்கு 30 படம் என்றால், சுருக்காத 20 நிமிடப் பதிவே ஏறத்தாழ 13 ஜிகாபைட் வரும். 10 விலங்குகளை 10 நாட்கள் பதிவுசெய்தால் 1.3 டெராபைட் ஆகும்; இரண்டு பிரதிகளுக்கும் பகுப்பாய்வின் இடைநிலைக் கோப்புகளுக்கும் சேர்த்து இடம் கேளுங்கள்.