முதலாண்டு மின் உற்பத்தியை நம்பித் தவணையை முடிவு செய்யலாமா?

கேள்வி: 9 சதவீத வட்டியில் 10 ஆண்டுக் கடன் வாங்கிச் சோலார் அமைப்பு நிறுவவிருக்கிறேன். பேனல்கள் 12 கிலோவாட், அவை தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் 10 கிலோவாட். சோலார் உற்பத்தியைக் கணிக்கும் பிவிசிஸ்ட் மென்பொருளின் அறிக்கையில் உள்ள உற்பத்தியால் கிடைக்கும் ஆண்டு வருமானத்தை 100 என்று வைத்தால், ஓராண்டுத் தவணை 92 வருகிறது. நிறுவும் பொறுப்பை ஏற்றிருக்கும் மைத்துனர், கூடுதல் கடன் எடுத்துப் பேனல்களை 15 கிலோவாட்டாக உயர்த்தச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். கூடுதல் கடன் ஒருபுறம் இருக்கட்டும். முதலாண்டு உற்பத்தியை அப்படியே எடுத்து, அதன் விளிம்புவரை கடன் வாங்கும் உங்கள் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கை முதல் ஆண்டுக்கு மட்டும் உரியது. அதிலுள்ள 100 என்பது பி50 மதிப்பு, அதாவது உற்பத்தி அதற்கு மேலே போகவும் கீழே இறங்கவும் சம வாய்ப்புள்ள அளவு. பத்தில் ஒன்பது பங்கு நம்பிக்கையோடு எதிர்பார்க்கக்கூடிய பி90 மதிப்பு, அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 92 என்று இருக்கிறது. கடன் வாங்குபவர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்த 92-ம் நிலைத்து நிற்காது. பேனல்களின் திறன் ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் குறையும் என்று கொண்டால், பத்தாம் ஆண்டில் அது 88 ஆகிவிடும். அறிக்கையின் இழப்பு விவரப் படத்தில், மின்சாரத்தை மாற்றும்போது இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பு இருக்கிறது, இரவில் அது இழுக்கும் மின்சாரம்கூட இருக்கிறது. ஆனால் பழுதாகி நிற்கும் நாட்களுக்கான கணக்கு இல்லை. அதை உள்ளீடாகத் தனியே கொடுக்காவிட்டால், இன்வெர்ட்டர் ஒரு நாளும் நிற்காது என்றே கணக்குப் போடப்படும். 2 சதவீதம் கழித்தால் 86 மிஞ்சும்.

இன்னொரு செலவு அறிக்கையில் எங்குமே இல்லை. பேனல்கள் 25 ஆண்டுகள் உழைத்தாலும், வெப்பத்தில் மின்தேக்கிகளும் விசிறியும் தேய்வதால் இன்வெர்ட்டரைப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற நேரிடும். இதே அளவுகோலில் உங்கள் கடன் சுமார் 590. விலைப்பட்டியலின்படி இன்வெர்ட்டர் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60. இதற்காக ஆண்டுக்கு 5 ஒதுக்கினால் கையில் நிற்பது 81. இதை வைத்துக்கொண்டு 92 கட்டுவது எப்படி?

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். நல்ல வெயிலில் பேனல்கள் தம் அளவில் ஏறக்குறைய 80 சதவீதம் தரும் என்று கொண்டால், 12 கிலோவாட்டிலிருந்து வருவது 9.6, இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். 15 கிலோவாட் போட்டால் நண்பகலில் 12 வரும். 10-க்கு மேற்பட்டதை இன்வெர்ட்டர் வெட்டிவிடும். காலையிலும் மாலையிலும் கூடுதல் உற்பத்தி கிடைக்கும் என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் பேனலைக் கால் பங்கு கூட்டினால் வருமானமும் கால் பங்கு கூடும் என்பது தவறு. மேலும், மணிக்கணக்குச் சராசரியில் ஓடும் மென்பொருள் கணிப்பு (சிமுலேஷன்), மேகம் விலகும் சில நிமிடங்களில் எழும் உச்சத்தைக் காட்டாது என்பதால், வெட்டப்படும் அளவு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். உறவினரிடம் நேரடியாக மறுக்கத் தயக்கமாக இருந்தால், நிமிடக் கணக்கிலான தரவோடும், 20 ஆண்டுத் தேய்மானத்தோடும், பழுது நாட்களோடும் மறுபடி ஓட்டித் தரும்படி அவரிடமே கேளுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

பசுமைக் கடன் என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கடன் கடனாக இல்லாமல் போய்விடாது. தவணை 80-ஐத் தாண்டாமல் இருக்க, கடன் தொகை சுமார் 515-க்குள் இருக்க வேண்டும். மீதி 75-ஐச் சேமிப்பிலிருந்து போடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், இன்வெர்ட்டரையும் பேனலையும் சேர்த்தே சிறிதாக்குங்கள்.