முள்ளந்தண்டில் ஸ்குரூ, தியேட்டரில் எக்ஸ்ரே: வாசகர் கேள்விகள்

வெள்ளவத்தை வாசகி: நாரியில் நாலு ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். பேரனைத் தூக்கினால் கதிர் அவனுக்கும் படுமா?

படாது. மெஷினை நிறுத்திய கணமே எக்ஸ்ரேயும் நின்றுவிடும். டைட்டேனியத்திலோ உடம்பிலோ எதுவும் தங்காது. பேரனைத் தூக்க நாரி இடம் கொடுக்குமா என்பதை மட்டும் ஒப்பரேஷன் செய்த வைத்தியரிடம் கேளுங்கள்.

தெஹிவளை வாசகர்: இதுவரை ஆறு ஸ்கேன் எடுத்துவிட்டேன். மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு?

எந்த ஸ்கேன் என்று எழுதாமல் நான் எதைக் கூட்டுவது? எம்.ஆர்.ஐ. என்றால் கதிர்வீச்சே இல்லை. நாரிக்கு ஒரு சி.டி. என்றால் சுமார் 6 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). இயற்கையாக நம் எல்லோருக்கும் வருடத்துக்குக் கிடைப்பதன் உலக சராசரி 2.4. ஸ்கேனின் பெயர், திகதி, உடம்பின் பகுதி மூன்றையும் குறித்து வையுங்கள். வேறொரு வைத்தியரிடம் போகும்போது பழைய படங்களையும் கொண்டு போங்கள். அதே சி.டி.யை இரண்டாம் தடவை எடுப்பது பல நேரம் தேவையே இல்லை.

கொட்டாஞ்சேனை, தியேட்டர் நேர்ஸ்: உடம்பில் படும் கதிரை அளக்கும் எங்கள் பேட்ஜின் ரிப்போர்ட் எப்போதும் பூச்சியம்தான். பாரமான ஈய ஏப்ரன் இனியும் தேவையா?

காரணத்தை உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: தொலைந்துவிடும் என்று பேட்ஜை லொக்கரில் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பூச்சியம் லொக்கருக்கு உரியது, உங்களுக்கு அல்ல. எத்தனை தடவை எழுதினாலும் இதே கடிதம் திரும்ப வருகிறது, எனக்குக் கோபமும் வருகிறது. ஏனென்றால் பாதிக்கப்படப்போவது நீங்கள். கதிரோடு வேலை செய்பவர்களுக்கு சர்வதேச வரம்பு வருடத்துக்கு சராசரி 20 மில்லிசீவர்ட். கண் வில்லைக்கு 150 ஆக இருந்ததை 2011இல் 20 ஆகக் குறைத்தார்கள், கண்புரை முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே வருகிறது என்று தெரிந்ததால். கழுத்தருகே ஏப்ரனுக்கு வெளியே பேட்ஜ் குத்தினால்தான் கண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று கணிக்க முடியும்.

ஏப்ரன் கட்டாயம் வேண்டும். 0.5 மில்லிமீட்டர் ஈயம், நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிரில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுக்கும், மடிக்காமல் தொங்கவிட்டிருந்தால். இங்குள்ள ஒரு தியேட்டரில் கதிரையின் முதுகில் மடித்துப் போட்டிருந்த ஏப்ரனை சி-ஆர்மின் (தியேட்டரில் நகர்த்திப் பயன்படுத்தும் எக்ஸ்ரே மெஷின்) கீழ் விரித்துப் பார்த்தோம். வெளித்துணியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இடுப்பு மடிப்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. வருடத்துக்கு ஒரு தடவையாவது இப்படிப் பாருங்கள். அப்புறம், எக்ஸ்ரே பெடலை மிதிக்க முன் எல்லோரும் ஓர் அடி பின்னால். தூரம் இரட்டித்தால் கதிர் ஏறக்குறைய கால்வாசிதான்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: நெவிகேஷன் (ஸ்குரூ போகும் வழியைத் திரையில் காட்டும் கருவி) உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

எல்லோருக்கும் இல்லை. நாரியில் ஒரு மட்டம் (அடுத்தடுத்த இரண்டு எலும்புகள்) மட்டும், எலும்பும் ஒழுங்காக இருக்கிறது என்றால் அனுபவமுள்ள கைக்கு சி-ஆர்ம் போதும். வளைந்த முள்ளந்தண்டு, நெஞ்சுப் பகுதி, கழுத்து, ஏற்கனவே ஒப்பரேஷன் செய்த இடம் என்றால் நெவிகேஷன் நல்ல துணை. முப்பரிமாணப் படம் எடுக்கும்போது ஊழியர்கள் வெளியே போய்விடலாம், அவர்களுக்குக் கதிர் குறையும். உங்களுக்குக் கூடலாம். கருவி இடத்தை அறிவதற்காக எலும்பில் பூட்டிய அடையாளச் சட்டத்தில் யாராவது முழங்கை இடித்தால் திரையில் படம் அழகாகவே இருக்கும், இடம் மட்டும் பிழைத்துவிடும். அதனால் நல்ல சர்ஜன் தெரிந்த எலும்பு முனையைத் தொட்டுத் தொட்டு சரிபார்ப்பார். மெஷின் பெயரை விட, இதே ஒப்பரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பயிற்சி வைத்தியர்: பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எந்தப் பக்கம் நிற்பது?

எக்ஸ்ரே வெளிவரும் ட்யூப் இல்லாத பக்கம். பெடலை மிதிக்க முன் ஓர் அடி பின்னால்.

தியேட்டர் ஊழியர், பெயர் வேண்டாம்: இரண்டு மாதக் கர்ப்பம். யாரிடமும் சொல்லவில்லை.

இன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சொன்ன நாளிலிருந்து மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்கு வரம்பு 1 மில்லிசீவர்ட். வேலையை விட வேண்டியதில்லை. சி-ஆர்ம் இல்லாத தியேட்டருக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். இன்னொரு பேட்ஜ் வாங்கி ஏப்ரனுக்கு உள்ளே, வயிற்று மட்டத்தில் குத்துங்கள். அதன் ரிப்போர்ட்டை மாதாமாதம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.