வேகக் காரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: அலுவலகம் போக 18 கி.மீ., திரும்ப 18 கி.மீ. தினமும் ஓட்டுகிறேன். பாதித் தூரம் நெரிசல். வீட்டிலிருந்து 2 கி.மீ. தொலைவில் 4 வயது மகனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகவேண்டும். விடுமுறை நாட்களில் கணவர் ஓட்டுவார். வேறு கார் கிடையாது. சாதாரணமான ஒரு புதிய ஹேட்ச்பேக் வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது. அதே பணத்துக்கு 2014 மாடல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 2008 மாடல் பிஎம்டபிள்யூ 335ஐ செடான், 2003 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் என்று மூன்று பழைய கார்கள் விலைக்கு வந்திருக்கின்றன. மூன்றையும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தோம், மூன்றுமே பிடித்துப்போயின. தினசரி ஓட்டத்துக்கு எது தாங்கும்? ஆட்டோமேட்டிக் வாங்குவதா, மேனுவல் கியர் வாங்குவதா?

பதில்: பாக்ஸ்டரில் இருக்கை இரண்டு, நீங்கள் மூன்று பேர். இந்தக் கணக்கைப் போட நிபுணர் தேவையில்லை. ஆனாலும் அது ஏன் உங்கள் பட்டியலில் ஏறியது என்பது புரிகிறது. போர்ஷே ஒன்று நம் கைக்கு எட்டும் விலையில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் அசையும். அந்த விலை இறங்கியதற்கு வயது மட்டும் காரணமில்லை. 1997 முதல் 2008 வரையிலான மாடல்களில், இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் என்று அழைக்கப்படும் இடைத்தண்டின் பேரிங் பேர்போன பலவீனம். எல்லாக் கார்களிலும் அது உடைவதில்லை. உடைந்தால் பெரும்பாலும் இன்ஜினையே இழக்க நேரும். 2009 மாடலில் அந்தத் தண்டையே நீக்கிவிட்டுப் புதிய இன்ஜினை வைத்தார்கள். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர், அந்த பேரிங்கை மாற்றியதற்கான ரசீதைப் பார்த்துவிட்டு ஆசைக்கு வாங்கவேண்டிய வண்டி அது.

மீதமுள்ள இரண்டைப் பார்ப்பதற்கு முன் விலையைப் பற்றி ஒரு விஷயம். 335ஐ புதிதாக வந்த காலத்தில் ஜிடிஐயைவிட வெகுவாக விலை கூடிய கார். இன்று இரண்டும் ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன. இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை), சஸ்பென்ஷன் புஷ், பிரேக் டிஸ்க் எல்லாம் இன்னும் அந்த மேல்தட்டுக் காரின் விலையிலேயே விற்கின்றன. ஒரு பழைய வேகக் காரை வாங்குபவர் அது புதிதாக விற்ற விலைக்கேற்ற பராமரிப்புச் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். 'இந்த விலைக்கு இவ்வளவு பெரிய காரா!' என்று வியப்பு வரும்போதே இந்தக் கணக்கும் நினைவுக்கு வரவேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றையும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் எந்த வேகக் காரும் பிடிக்காமல் போகாது. அதற்காகவே செய்யப்பட்டவை அவை. உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு: காலையில் குளிர்ந்த இன்ஜினோடு 2 கி.மீ. போய், நின்று, மறுபடி கிளம்பி, ஊர்ந்து, பிரேக் பிடித்து, மறுபடி ஊரும்போது அந்தக் கார் எப்படி நடந்துகொள்கிறது? நீங்கள் அதோடு வாழப்போவது அந்த வேகத்தில்தான்.

விவரப் பட்டியலில் எல்லோரும் குதிரைத்திறனைத் தேடுகிறார்கள். அது எத்தனை ஆர்பிஎம்மில் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை) கிடைக்கிறது என்ற அடுத்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த பிஎம்டபிள்யூ எம்3 காரின் 343 குதிரைத்திறன் 7,900 ஆர்பிஎம்மில் வருகிறது. 2007இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் செடானின் 225 குதிரைத்திறனுக்கு 8,000 ஆர்பிஎம்மைத் தொடவேண்டும். அருமையான இன்ஜின்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே முள் அந்த இடத்துக்குப் போக வழியே இல்லை. உங்கள் பட்டியலில் உள்ள ஜிடிஐ 220 குதிரைத்திறன்தான் தருகிறது. ஆனால் அதன் 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) முழுவதும் 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. நெரிசலில் ஒரு இடைவெளி கிடைக்கும்போது உதவுவது இந்த எண். 335ஐயும் இரட்டை டர்போ என்பதால் இதில் சளைத்ததல்ல.

அடுத்தது டயர், இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர்17 என்று இருந்தால், அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது ஏறத்தாழ 101 மி.மீ. அதே காருக்குப் பொருந்தும் 225/40 ஆர்18 என்றால் 90 மி.மீ., 235/35 ஆர்19 என்றால் 82 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பது இந்த ரப்பர் மட்டும்தான். 2017இல் வந்த சிவிக் டைப் ஆர் தொழிற்சாலையிலிருந்தே 245/30 ஆர்20 டயரோடு வெளிவந்தது. பக்கச்சுவர் வெறும் 74 மி.மீ. அதை வாங்கியவர்களில் பலர் 18 அங்குல ரிம்முக்கு மாறியதில் வியப்பில்லை. படத்தில் பெரிய ரிம் அழகாக இருக்கும். உங்கள் முதுகுக்குச் சின்ன ரிம்தான் நல்லது. ஜிடிஐயில் 17 அங்குலம் கிடைத்தால் மகிழ்ச்சி, 18 என்றால் பரவாயில்லை, 19 என்றால் மாற்றும் செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முன்பிரேக்கின் கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காத ரிம்தானா என்பதை உறுதிசெய்துகொண்டு மாற்றவேண்டும். 335ஐயில் வரும், காற்று இறங்கினாலும் சற்றுத் தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்களின் பக்கச்சுவர் விறைப்பானது. சின்னப் பள்ளம்கூட இருக்கையில் தெரியும்.

பள்ளி வரைக்குமான அந்த 2 கி.மீ. சின்ன விஷயம் போலத் தோன்றும், இன்ஜினுக்கு அப்படியல்ல. கூலன்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆயில் அதைவிடத் தாமதமாகச் சூடேறும். அதற்குள் அழுத்தி ஓட்டினால் டர்போவும் பேரிங்குகளும் கெட்டியான ஆயிலில் உழலும். குளிர்ந்த ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கவும் செய்யும். உங்களுக்கு நல்ல செய்தி, பள்ளிக்குப் பிறகு 16 கி.மீ. மீதி இருக்கிறது, அதில் ஆயில் சூடாகிக் கலந்த பெட்ரோலும் ஆவியாகிவிடும். பள்ளியோடு திரும்பி வீட்டுக்கு வரும் வாழ்க்கை என்றால் இந்த இரண்டையுமே நான் பரிந்துரைக்கமாட்டேன். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: தரகர் யாராவது மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அதன் ரோட்டரி இன்ஜின் ஆயிலை எரித்தே ஓடும்படி வடிவமைக்கப்பட்டது; குளிர்ந்த நிலையில் கிளப்பிச் சற்று நகர்த்தி அணைத்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து மறுபடி கிளம்ப மறுக்கும்.

ஆகவே மறுபடி ஓட்டிப் பாருங்கள், இம்முறை மெதுவாக. இன்ஜினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் 'இன்னொரு நாள் வருகிறேன்' என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில நொடிகளில்தான் இன்ஜினின் வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் செயினின் தளர்ச்சி கடகடவென்று கேட்கும். சூடான பிறகு அது ஒளிந்துகொள்ளும். புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் இனிப்பான வாசனையோடு வந்தால் கூலன்ட். பிறகு நெரிசலுக்குள் ஓட்டிச் செல்லுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உதறுகிறதா? வேகத்தடையில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் டக் என்ற ஒலி வருகிறதா? ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வட்டமடித்தால் முன்சக்கரத்தில் கிளிக் ஒலி கேட்கிறதா? ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுங்கள். மகனின் இருக்கையைக் கையோடு கொண்டுபோய்ப் பின்னால் பொருத்தி, அவனை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இதைச் செய்ய விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காரைவிட அதன் முந்தைய உரிமையாளரைப் படிப்பது முக்கியம். நான்கு டயரும் நான்கு கம்பெனி, அதுவும் இருப்பதிலேயே மலிவானவை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஆயிலில் அவர் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசியுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. உட்புற ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை, அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ தளர்ந்திருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகளை எண்ணாதீர்கள், ரசீதுகளைக் கேளுங்கள். எந்த ஆயில், எத்தனை கி.மீ. இடைவெளியில் என்று பாருங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்கும் நீண்ட இடைவெளியை நம்பாமல் 10,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றியவரின் டர்போ கார், குறைவாக ஓடியும் கவனிக்கப்படாத காரைவிட மேல்.

ரீமேப் செய்த (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றிய) காரை நான் தவிர்க்கச் சொல்வேன். கணினியில் சில எண்களை மாற்றினால் சக்தி கூடுவது உண்மை. கிளட்ச், கியர்பாக்ஸ், கூலிங் அமைப்பு எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. விற்பதற்கு முன் பழையபடி மாற்றிவிடுவோரும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டி, டர்போ குழாய்களின் கிளாம்ப், எக்ஸாஸ்ட் போல்ட் ஆகியவை மட்டும் புதிதாக மின்னினால் காரணம் கேளுங்கள். ஸ்கேன் கருவியோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதில் மயங்கவேண்டாம். காரின் கணினி தன் சுயசோதனைகளை முடித்திருக்கிறதா என்பதையும் அதே கருவி காட்டும். முடிக்கவில்லை என்றால் யாரோ அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

சரி, இரண்டில் எது? உங்கள் வாழ்க்கைக்கு ஜிடிஐ. 335ஐயின் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஓட்டுவதற்கு அதைவிட இனிமையானது என்பதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். ஆனால் 2008இல் அதில் இருந்தது என்54 இன்ஜின். உயரழுத்த பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் சத்தம், மின்சாரத் தண்ணீர் பம்ப் என்று அதன் நோய்ப் பட்டியல் நீளமானது. இவையெல்லாம் மாற்றப்பட்டு ரசீதுகளோடு வந்தால் யோசிக்கலாம், இரண்டாவது கார் இருந்தால். தண்ணீர் பம்ப் பெரும்பாலும் முன்னறிவிப்பு தராது. பள்ளி வாசலில் நின்றுபோகும் காரை ஒரே காராக வைத்திருக்க முடியாது. ஆறு சிலிண்டர் ஆசை தீரவில்லை என்றால் பொறுத்திருந்து, 2015இல் அறிமுகமான பி58 இன்ஜின் கொண்ட பிஎம்டபிள்யூவை வாங்குங்கள். அது வேறு தரம்.

ஜிடிஐயும் குற்றமற்றதல்ல. முந்தைய தலைமுறையில் பயமுறுத்திய டைமிங் செயின் டென்ஷனர் பிரச்சினை 2014 மாடலில் பெரிதாக இல்லை; தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது அடிக்கடி காணப்படுவது. கூலன்ட் தொட்டியின் அளவைக் குறித்துக்கொண்டு, ஓட்டி, ஆறவிட்டு மறுபடி பாருங்கள். அது ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் காருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின் என்பதால், ஓட்டம் ஏற ஏற இன்டேக் வால்வுகளில் கரி படியலாம். குளிர்ந்த நிலையில் ஐடிலிங் தடுமாறினால் சுத்தம் செய்யும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் குறிப்பிட்ட ஜிடிஐ மோசமாகத் தெரிந்தால் விட்டுவிட்டு வேறு ஜிடிஐ தேடுங்கள். அது ஏராளமாக விற்ற கார்.

பணம் முழுவதையும் விலையில் கொட்டிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிளக், பிரேக் ஆயில் என எல்லாவற்றையும் மாற்றி, உங்கள் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் தொகையை விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள். வேகக் கார்களுக்கு அது கூடுதலாக இருப்பது வழக்கம், சொல்லாமல் மறைத்த மாற்றம் ஏதாவது காரில் இருந்தால் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

கியர் பற்றி: பாதித் தூரம் நெரிசல் என்றால் ஆட்டோமேட்டிக். அந்த ஜிடிஐயில் வருவது ஆயிலில் மூழ்கிய இரட்டை கிளட்ச் கொண்ட ஆறு வேக டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் ஆயிலையும் ஃபில்டரையும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றிய ரசீது இல்லாத கார் எவ்வளவு பளபளத்தாலும் எடுக்கவேண்டாம். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரவிடாமல், முன்னால் சற்று இடம் விட்டு நகர்ந்தால் கிளட்ச் நீடிக்கும். உங்கள் கணவர் மேனுவல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், நியூட்ரலில் ஐடிலிங் ஓடும்போது கடகட ஒலி வந்து, கிளட்சை மிதித்ததும் அது நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் இரட்டைப் பளு ஃப்ளைவீலைத்தான் (இன்ஜினின் அதிர்வைத் தணிக்கும் கனத்த சக்கரம்) முதலில் சந்தேகிக்கவேண்டும், அது கிளட்சோடு சேர்த்து மாற்றப்படும் பெரிய செலவு. அதற்கும் முன், ஒரு வாரநாள் காலையில், நெரிசல் நேரத்தில், அந்த 18 கி.மீ.யை மேனுவல் காரில் அவரே ஓட்டிப் பார்க்கட்டும்.